பேயல்ல, நோய்!

காய்ச்சல் வந்தது, கலங்கினோம். காய்ச்சல் போனது, களித்தோம். கஞ்சி கேட்டது பிள்ளை, கொடுத்தோம். ‘அப்பாடா, பிழைத்தது’ என்று பெற்றவள் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு அடங்குவதற்குள்ளாகவே வந்து சேர்ந்தது வேறொன்று!

நேற்றுவரை மடியிலே படுத்துக் கதை கேட்ட மகள், இன்று தாயைப் பார்த்து ‘நீ யார்?’ என்று கேட்கிறாள். இரவெல்லாம் உறக்கமில்லை. சுவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஆளில்லாத மூலையைக் காட்டி அலறுகிறாள். சொன்ன சொல்லையே நூறு முறை சொல்கிறாள். பிறகு சொல்லே அற்றுப்போகிறாள். வாய் தானாகக் கோணுகிறது. கை தானாக ஆடுகிறது. அதிர்ந்து பேசாத பெண் அடிக்க ஓடி வருகிறாள். பிடித்து நிறுத்த நாலு பேர் வேண்டியிருக்கிறது.

கூடுகிறது தெரு. கூறுகிறது தீர்ப்பு. ‘உச்சிவேளையிலே புளியமரத்தடிப் பக்கம் போனாளா?’ என்கிறார் ஒருவர். ‘காத்துக் கருப்பு அண்டிவிட்டது’ என்கிறார் இன்னொருவர். ‘வேண்டாதவர்கள் வைத்த செய்வினை’ என்கிறார், வேண்டாதவர் பட்டியலையும் கையோடு வைத்திருக்கும் மூன்றாமவர். வருகிறார் மந்திரவாதி. உடுக்கை ஒலிக்கிறது, வேப்பிலை சுழல்கிறது, சாட்டை எழும்புகிறது. ‘போகிறாயா, இல்லையா?’ என்று அதட்டுகிறார். பதில் இல்லை. எப்படி வரும் பதில்? பதில் சொல்ல வேண்டிய மூளையல்லவா அங்கே பழுதுபட்டுக் கிடக்கிறது!

இதைத்தான் இன்று எடுத்துப் பேச விரும்புகிறோம். காய்ச்சலுக்குப் பின்னால் ஒரு குழந்தையின் குணம் திடீரென்று மாறினால், அது பேயின் வேலையல்ல. பிள்ளையின் பிடிவாதமும் அல்ல. பெற்றோரின் பாவமும் அல்ல. அது மூளையைத் தாக்கிய நோயாக இருக்கக்கூடும். அந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது, சோதனை இருக்கிறது, மருந்து இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான் — நேரம்! உடுக்கை அடித்துக் கழிகிற ஒவ்வொரு நாளும், அந்தக் குழந்தையின் எஞ்சிய வாழ்நாளிலிருந்து களவாடப்படுகிற நாள்.

இது நம் ஊரில் மட்டும் காணும் விந்தையா? இல்லை. வியன்னா நகரத்துக்கு வாருங்கள். முதல் உலகப்போர் மூண்டு நடந்த நேரம். 1917-ஆம் ஆண்டு, கான்ஸ்டன்டின் வான் எக்கனாமோ என்ற மருத்துவர் ஒரு புதிய நோயைப் பற்றி எழுதினார். வந்தவர்கள் தூங்கினார்கள், தூங்கினார்கள், தூங்கிக்கொண்டே இருந்தார்கள். ‘தூக்க மூளைக் காய்ச்சல்’ என்று பெயர் வந்தது. அடுத்த பத்தாண்டுக் காலம் அது உலகை வலம் வந்தது, இலட்சக்கணக்கானவர்களைப் பற்றியது, பற்றியவர்களிலே ஏறத்தாழ மூன்றில் ஒருவரை மாய்த்தது.

பிழைத்த குழந்தைகளின் கதை, மாண்டவர் கதையைவிட மனத்தை உருக்குவது. பகலிலே உறங்கின, இரவிலே ஆட்டம் போட்டன. ஒழுக்கத்துக்குப் பரிசு வாங்கிய பிள்ளை திருடிற்று, பொய் சொல்லிற்று, தங்கையைக் கடித்தது. செய்துவிட்டு அழுதது — ‘ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லையே!’ என்று. பள்ளிகள் வெளியேற்றின. ஊர் ‘போக்கிரி’ என்றது. ஆனால் மருத்துவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். நோய் வருமுன் இந்தப் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள்? நல்லபடி இருந்தார்கள். இடையிலே வந்தது என்ன? மூளையைத் தாக்கிய காய்ச்சல். அப்படியானால் குற்றவாளி யார்? குழந்தையா, காய்ச்சலா? குழந்தைகளுக்கெனத் தனி விடுதிகள் இங்கிலாந்திலே திறக்கப்பட்டன. அந்த நோயைக் கொண்டுவந்த கிருமி எது என்பது இன்றளவும் பிடிபடவில்லை. வந்தது போலவே மறைந்தும் போயிற்று. எனினும் அது விட்டுச் சென்ற பாடம் மறையவில்லை: குணம் என்று நாம் சொல்வது மூளையிலே குடியிருக்கிறது, மூளை புண்பட்டால் குணம் மாறும்.

பாடம் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. அதற்கு இன்னும் எண்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

2007-ஆம் ஆண்டு. அமெரிக்காவிலே, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த ஜோசப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஒரு புதிரை விடுவித்தார்கள். இளம் பெண்கள், குழந்தைகள், திடீரென்று பித்துப் பிடித்தவர்போல் ஆகிறார்கள், வலிப்பு வருகிறது, வாய் கோணுகிறது, நினைவு தப்புகிறது. என்ன காரணம்? நரம்பணுக்களின் மேலே என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற நுண்ணிய வாயில்கள் உண்டு. நினைவும் கற்றலும் அந்த வாயில் வழியாகத்தான் நடமாடுகின்றன. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பணுக்களே வழி தவறி, அந்த வாயில்களை அடைத்து அகற்றிவிடுகின்றன! திருடனை விரட்டப் புறப்பட்ட காவற்காரன், இருட்டிலே ஆளை மாற்றி, வீட்டுப் பிள்ளையையே தடியால் அடித்தாற்போல!

மறு ஆண்டு, 2008-ல், இந்த நோய் கண்ட 100 பேரின் விவரத்தை டால்மாவ் குழுவினர் வெளியிட்டார்கள். அந்த நூறு பேரில் 77 பேர் முதலில் போய் நின்ற இடம் மனநல மருத்துவரின் வாசல். படித்த நாடு, பணக்கார நாடு. அங்கேயே பித்து என்றுதான் முதலில் எண்ணினார்கள். ஆகவே, நம் கிராமத்துத் தாயைக் கண்டு நகைக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அங்கே அவர்கள் ‘பித்து’ என்பதோடு நின்றுவிடவில்லை. முதுகுத் தண்டிலிருந்து நீரெடுத்துச் சோதித்தார்கள். காரணம் கண்டார்கள். கண்டதும் மருந்து தந்தார்கள்.

தந்ததன் பலன் என்ன? 2013-ல் வெளிவந்த பேராய்வு ஒன்று, 577 நோயாளிகளைப் பற்றியது. அவர்களிலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 18 வயது நிரம்பாதவர்கள். மருந்து பெற்றவர்களில் இரண்டாண்டு முடிவிலே நூற்றுக்கு எண்பது பேர் அளவில் நன்றாக மீண்டிருந்தார்கள். கட்டிலிலே கட்டிப்போடப்பட்டிருந்த பிள்ளை பள்ளிக்கூடம் போயிற்று! பெற்றவளை அறியாத மகள், பெற்றவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்! அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்லிற்று: விரைந்து மருந்து பெற்றவர்களே நன்றாக மீண்டார்கள். விரைவு, விரைவு, விரைவு — இதுதான் அந்த ஆய்வின் சுருக்கம்.

‘இருக்கட்டும், இதற்கும் தொற்றுக் கிருமிக்கும் என்ன தொடர்பு?’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. சில பெண்களுக்குச் சினைப்பையிலே தோன்றும் கட்டி இந்த நோயைத் தூண்டுகிறது. அதனை அகற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் இன்னொரு தூண்டுகோல் ஹெர்பிஸ் என்னும் வைரஸ். உதட்டோரத்திலே கொப்புளம் போடுகிற அதே கிருமிதான். மிகச் சிலருக்கு அது மூளைக்குள் ஏறிவிடுகிறது. ஏறினால் கொடுமை: மருந்தின்றி விட்டால் பத்திலே ஏழு பேர் மடிவார்கள். அசைக்ளோவிர் என்ற மருந்து அந்தச் சாவை வெகுவாகக் குறைத்தது. அந்த மருந்து பிறந்த ஆய்வுக்கூடத்தை நடத்திய ஜெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையார், முறைப்படி முனைவர் பட்டம் படித்து முடிக்க வாய்ப்பே கிடைக்காதவர். 1988-ல் நோபல் பரிசு பெற்றார்.

மருந்தால் பிழைத்த பிள்ளை வீடு திரும்புகிறது. சில வாரம் கழிகிறது. மறுபடியும் கோளாறு! சிறு குழந்தையானால் கைகால் தானாக நெளிகிறது; வளர்ந்த பிள்ளையானால் வெறி, பிதற்றல், பயம். கிருமி திரும்பிவிட்டதா? பல நேரம் இல்லை. கிருமியோடு நடந்த போரிலே உடைந்த நரம்பணுக்களைக் கண்டு மிரண்ட எதிர்ப்பாற்றல், மூளையையே பகையென்று எண்ணிவிடுகிறது என்று கருதுகிறார்கள். பார்சிலோனா நகரத்து மருத்துவர்கள் தலைமையில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஹெர்பிஸ் மூளைக் காய்ச்சலிலிருந்து பிழைத்த 51 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 14 பேருக்கு இந்த இரண்டாம் தாக்குதல் வந்தது. வந்ததெல்லாம் இரண்டு மாதத்துக்குள். ஆகவே, மூளைக் காய்ச்சல் கண்டு தேறிய பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவர், ‘நல்லது, போய் வாருங்கள்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘இரண்டு மாதம் கண்ணும் கருத்துமாய்ப் பாருங்கள், குணம் மாறினால் அன்றே ஓடி வாருங்கள்’ என்று சொல்ல வேண்டும்.

பேய் என்பவர்க்கு ஒரு கேள்வி. பெர்லின் நகரத்து மிருகக்காட்சிச் சாலையிலே ‘நட்’ என்றொரு பனிக்கரடி இருந்தது. நாடே கொஞ்சிய கரடி. 2011 மார்ச் மாதம், பார்வையாளர் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, சுற்றிச் சுழன்று வலிப்பு வந்து நீரிலே விழுந்து இறந்தது. நான்கு வயதுதான். ஆண்டுகள் பல ஆராய்ந்து, 2015-ல் காரணம் சொன்னார்கள் — நாம் மேலே சொன்ன அதே என்.எம்.டி.ஏ. மூளை அழற்சி! பனிக்கரடிக்கு எந்தப் புளியமரத்துப் பேய் பிடித்தது? எந்தப் பங்காளி வைத்தான் அதற்குச் செய்வினை?

பேய் மேல் பழி போடுவது ஒரு வகை மூடத்தனம் என்றால், மருந்தின் மேல் அவசரப்பட்டுப் பழி போடுவது இன்னொரு வகை. ஜப்பானிலே நடந்ததைப் பாருங்கள். இன்ஃபுளூயன்சா காய்ச்சல் கண்ட சிறுவர்கள், திடீரென்று நிலைதடுமாறி ஓடி, மாடியிலிருந்து விழுந்து இறந்தார்கள். ‘டாமிஃபுளூ மருந்துதான் காரணம்’ என்ற குரல் எழும்பிற்று. 2007 மார்ச்சில், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்க்கு அந்த மருந்தைத் தவிர்க்குமாறு அரசு கட்டளையிட்டது. பிறகு அமைதியாக ஆராய்ந்தார்கள். அந்த மருந்தே சாப்பிடாத பிள்ளைகளும் அப்படி ஓடினார்கள்! 2018-ல் தடை நீங்கிற்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வொன்று 2025-ல் வெளிவந்தது. காய்ச்சலின்போது அந்த மருந்து பெற்றவர்களுக்கு மூளை, மனக் கோளாறுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கக் கண்டது. குற்றவாளி என்று கூண்டிலேற்றியதே, காவலாளியாக இருந்திருக்கிறது! ஜப்பான் அரசு பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரை எளிமையானது: காய்ச்சல் கண்ட முதல் இரண்டு நாளாவது பிள்ளையைத் தனியே விடாதீர்கள், கதவையும் சன்னலையும் தாழிடுங்கள். செலவில்லாத அறிவுரை, உயிர் காக்கும் அறிவுரை.

வைரஸ் மட்டுமா? தொண்டைப் புண்ணை உண்டாக்கும் வேறொரு வகைக் கிருமி, பாக்டீரியா, இதே போன்ற இன்னொரு சூழ்ச்சி செய்கிறது. புண் ஆறிச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள், பிள்ளையின் கை துள்ளுகிறது, முகம் நெளிகிறது, எழுத்து கோணுகிறது, அழுகையும் கோபமும் மாறி மாறி வருகின்றன. 1686-லேயே தாமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கில மருத்துவர் இதனை விவரித்தார். அதற்கு முன்பும் பின்பும் ஐரோப்பா அதற்கு வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? ‘புனித வீட்டஸ் நடனம்’! நம்மவர் முனியைக் காட்டினார்கள்; அவர்கள் முனிவரைக் காட்டினார்கள். வேறுபாடு அவ்வளவுதான். ‘வாத்தியாரைப் பார்த்து முகம் சுளிக்கிறாயா?’ என்று பிரம்படி பட்ட பிள்ளைகள் எத்தனை, எத்தனை! அந்த அடி ஒவ்வொன்றும் நோயாளி மேல் விழுந்த அடி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வயலும் வாய்க்காலும் நம் வாழ்வு. அந்த வயல் நீரிலே பிறக்கும் கொசு கொண்டுவரும் நோய்தான் ஜப்பானிய மூளைக் காய்ச்சல். பெயரிலேதான் ஜப்பான், இந்தியாவிலே அது மனிதரிடம் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955-ல், நம் வேலூரில்! மடிந்தவர் போக, பிழைத்த பிள்ளைகளிலும் பலர், மந்தமும் முரட்டுத்தனமும் மாறாப் பயமும் கொண்டவர்களாக வாழ நேர்ந்தது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

தட்டம்மை இன்னொன்று. ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்று சொல்லி, வேப்பிலை கட்டி, மருத்துவரை வாசலோடு நிறுத்துகிறோம். வந்தவள் போய்விட்டாள் என்று நாம் நினைக்கிறோம். மிகச் சில குழந்தைகளிடம் அந்த வைரஸ் போவதில்லை, மூளையிலே பதுங்கிக்கொள்கிறது. ஆறு ஆண்டு, எட்டு ஆண்டு, பத்து ஆண்டு கழித்துத் தலை தூக்குகிறது. நன்றாகப் படித்த பிள்ளை மதிப்பெண் இழக்கிறது, கையிலிருந்த தட்டைத் தவறவிடுகிறது, உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது, பேச்சு போகிறது, பிறகு பிள்ளையே போகிறது. இதனை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் வராமல் தடுக்கும் வழி இருக்கிறது: தட்டம்மைத் தடுப்பூசி. 1963-ல் வந்தது, 1985 முதல் இந்திய அரசின் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இலவசமாகக் கிடைத்ததை நாம் எப்படி வரவேற்றோம்? 2017 பிப்ரவரியில், தமிழ்நாட்டிலே, தட்டம்மை – ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, கைப்பேசிதோறும் வதந்தி பறந்தது. ‘ஊசி போட்டால் பிள்ளை கெட்டுவிடும்’ என்றார்கள்; ‘வெளிநாட்டுச் சதி’ என்றார்கள். உடுக்கை கையிலிருந்து மாறிக் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது, ஒலி மாறவில்லை! படித்தவர் வீட்டிலும் நம்பினார்கள். பேய்க் கதையை மறுப்பதாலேயே ஒருவன் பகுத்தறிவாளன் ஆகிவிடுவதில்லை. வந்த செய்திக்குச் சான்று கேட்பவன்தான் பகுத்தறிவாளன்.

சான்று கேளாத சமுதாயம் கொடுக்கும் விலை என்ன? 2001 ஆகஸ்டு 6, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. விடியுமுன் தீப்பற்றிற்று ஒரு கொட்டகையிலே. உள்ளே இருந்தவர்கள் மனநோயாளிகள் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள். ஓட முடியவில்லை, காலிலே சங்கிலி! 28 பேர் மாண்டார்கள். சங்கிலி ‘உனக்கு என்ன நோய்?’ என்று கேட்பதில்லை. மூளைக் காய்ச்சலுக்கும் ஒரே சங்கிலி. வலிப்புக்கும் ஒரே சங்கிலி. மனச்சிதைவுக்கும் ஒரே சங்கிலி. உச்சநீதிமன்றம் தலையிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்தது. காலிலிருந்த சங்கிலியைச் சட்டம் கழற்றலாம். கருத்திலிருக்கும் சங்கிலியை நாம்தான் கழற்ற வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தாயின்மேல் குற்றம் சாட்ட நாம் வரவில்லை. அவள் ஏன் பூசாரியிடம் போகிறாள்? பூசாரி பக்கத்துத் தெருவிலே இருக்கிறார். பெரிய மருத்துவமனை பக்கத்து மாவட்டத்திலே இருக்கிறது. பூசாரி உட்காரவைத்து, ‘என்னம்மா நடந்தது?’ என்று கேட்கிறார்; மருத்துவமனையிலே சீட்டு எழுதுபவர் ‘தள்ளி நில்’ என்கிறார். பூசாரிக்குக் கோழி கொடுத்தால் போதும். அங்கே போய் வர இரண்டு நாள் கூலி போகிறது. மூடநம்பிக்கையைக் கண்டிக்கிற வாய், இந்த மூன்றையும் சரி செய்யக் கேட்காவிட்டால், அந்தக் கண்டனம் வெறும் மேடை அலங்காரம்.

ஆகவே அரசினரிடம் கேட்கிறோம். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், காய்ச்சலுக்குப் பின் குணம் மாறி வரும் குழந்தைக்கு அன்றைக்கே முதுகு நீர்ச் சோதனையும் இ.இ.ஜி. பதிவும் நடக்க வேண்டும். எதிர்ப்பணுச் சோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்பி, முடிவு வரும் வரை கைகட்டிக் காத்திராமல், சிகிச்சை தொடங்க வழி வேண்டும். இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து விலை மிகுந்தது. ஏழை அதனை நினைத்தும் பார்க்க முடியாது. காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலிலே பெயர் இருப்பது மட்டும் போதாது. கட்டிலண்டை மருந்து இருக்க வேண்டும். மனநல மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் குழந்தை மருத்துவரும் மூன்று கட்டடங்களில் மூன்று தீவுகளாக இல்லாமல், ஒரே குழந்தையின் கட்டிலருகே ஒன்றாக நிற்க வேண்டும். ஏனெனில், இந்த நோய் கண்டவர்க்குச் சில மனநோய் மருந்துகள் விறைப்பையும் காய்ச்சலையும் கூட்டிவிடுவதுண்டு. கிராம சுகாதாரச் செவிலியர்க்கும் ஆசிரியர்க்கும் அரை நாள் பயிற்சி போதும், இதனை அடையாளம் காண.

என்ன அடையாளம்? பெற்றோரே, இதை எழுதிக் கதவிலே ஒட்டிக்கொள்ளுங்கள். பிள்ளை அடம் பிடிப்பதெல்லாம் மூளை நோயல்ல. காய்ச்சலிலே ஓர் இரவு பிதற்றுவதெல்லாம் ஆபத்துமல்ல. நாம் சொல்வது அரிதாக வரும் நோய். ஆனால், சில நாளுக்குள் குணம் தலைகீழானால், உறக்கம் அறவே போனால், இல்லாததைக் கண்டு பேசினால், பேச்சு குறைந்து நின்றால், வாயும் கைகாலும் தானாக அசைந்தால், வலிப்பு வந்தால், உங்களையே அடையாளம் தெரியாமல் போனால், அன்றே புறப்படுங்கள். 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, ‘முன்பு இப்படி இல்லை, காய்ச்சலுக்குப் பிறகுதான்’ என்பது. அந்த ஒரு வரி, பத்துச் சோதனைக்குச் சமம். முதுகிலே ஊசி என்றால் ‘கால் விளங்காமல் போகும்’ என்று எவரேனும் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அது நாடெங்கும் நாள்தோறும் நடக்கும் சோதனை. அந்தச் சோதனையை மறுப்பதால்தான் பிள்ளை விளங்காமல் போகக்கூடும்.

‘நம்பிக்கை அவரவர் உரிமையல்லவா? அதிலே ஏன் கை வைக்கிறீர்கள்?’ என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வேண்டுதல் வைப்பவர் வைத்துக்கொள்ளட்டும். வண்டியிலே ஏறி உட்கார்ந்த பிறகு வைக்கட்டும்! தன் உடலுக்குத் தாயத்து கட்டிக்கொள்வது அவரவர் விருப்பம். ஆனால் வாய் பேச முடியாமல், தன்னையே அறியாமல் கிடக்கும் குழந்தையின்மேல் சாட்டை வீசுவதற்கு எவருக்கும் உரிமை கிடையாது; பெற்றவர்க்கும் கிடையாது.

அந்தப் பிள்ளைக்குள்ளே புகுந்திருப்பது எவருமில்லை. உள்ளே இருப்பது அந்தப் பிள்ளையேதான் — அடைபட்ட வாயிலுக்குப் பின்னால், கதவு திறக்குமா என்று காத்திருக்கிறது. திறக்கும் சாவி உடுக்கையிலே இல்லை, மருத்துவமனையிலே இருக்கிறது. எடுத்துக் கொடுப்போம், காலம் தாழ்த்தாமல்!